அக்கரையில் ஆளுண்டு

வீடியோ அண்ணன் எடுத்த எந்த அடக்க வீடியோவும் மண்ணில் முடிந்தது கிடையாது.

கேரள எல்லையோரமான எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வீடியோ இல்லாமல் போனாலும் போகும், சாவுக்கு இல்லாமல் போகாது. பாறசாலை, காரோடு, தனுவச்சபுரம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். லீவு கிடைக்காத மகனுக்குத் தாயின் முகத்தைக் கடைசியாகக் காட்ட வேறு வழி என்ன இருக்கிறது? மற்ற வீடியோக்காரர்கள் பெட்டி குழிக்குள் இறங்குவதையும் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவதையும் காட்டி, அதோடு கடையைக் கட்டிவிடுவார்கள். அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது.

"மண்ணு விழுறதக் காட்டிட்டு ஒருத்தன துபாயில ஒத்தைக்கு உக்கார வைக்கப்பிடாது மக்கா. டிவிய ஆஃப் பண்ணிட்டு அவன் எங்க போவான்?" என்பார்.

அதனால் அவருடைய வீடியோவில் மண் விழுந்ததும் திரை மெதுவாக இருளும். பிறகு ஒரு கறுத்த ஏரி வரும். அதில் ஒரு சின்னப் படகு, படகில் கையில் விளக்கோடு ஒரு பெண்பிள்ளை. அக்கரை முழுக்க விளக்குகள், எண்ணி முடியாத விளக்குகள். அங்கே வெள்ளை முடியோடு ஒரு கிழவி நிற்பாள். படகு கரையை முட்டியதும் அவள் கையை நீட்டுவாள், பிள்ளை அதைப் பிடித்துக்கொள்வாள். பின்னணியில் அந்தந்த வீட்டுக்காரர் கேட்ட பாட்டு. கையைப் பிடித்த இடத்தில் வீடியோ முடியும்.

அவருடைய ஸ்டுடியோவுக்கு அடுத்த கதவு என்னுடைய டிடிபி கடை. வீடியோவுக்கு முன்னும் பின்னும் வருகிற எழுத்தெல்லாம் நான் அடித்துக் கொடுத்தது, தமிழிலும் மலையாளத்திலும். சாவுச் செய்தி அடித்து அடித்து என் விரலுக்கு 'நித்திய இளைப்பாறுதல்' என்பது கண்ணை மூடிக்கொண்டே வரும். அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் இந்த ஊரில் யாரும் வழி காட்டமாட்டார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு வீடியோ அண்ணன், மலையாளம் பேசுகிறவர்களுக்கு வீடியோ சேட்டன்.

ஆள் ஒல்லி. சாவு வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேமராவைத் தோளில் ஏற்றுவார். நேரே பெட்டிக்குப் பக்கத்தில் போவார். இறந்தவரின் சட்டைக் காலர் மடிந்திருந்தால் சரி செய்வார், நெற்றியில் எறும்பு ஊர்ந்தால் தட்டிவிடுவார். பிறகு குனிந்து, காதுக்குப் பக்கத்தில் கேட்பார்: "அம்மா, எடுக்கட்டா?"

கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவும் செய்வார். ஒரு வீட்டில் இதைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தம்மாவை உயிரோடு இருந்தபோது எதற்கும் யாரும் சம்மதம் கேட்டதில்லை, கல்யாணத்துக்கே கேட்டதில்லை. அதைச் சொன்னேன். "அதனாலயாக்கும் பிள்ளே கேக்குறது" என்றார். அதன் பிறகு நான் சிரித்ததில்லை.

அந்த ஏரிக் காட்சி அவர் எடுத்ததல்ல. அது ஒரு பிரெஞ்சுப் படம்.

பூவாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் பிரான்ஸ்காரத் தம்பதி ஒன்று, வயதான காலத்தில், நம்மூர் முறையில் மறுபடியும் மாலை மாற்றிக்கொண்டது. அண்ணன்தான் வீடியோ. சந்தோஷத்தில் அந்தப் பெரியவர் பெட்டியைத் திறந்து ஒரு டிவிடியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். தன் நெஞ்சைத் தொட்டு, டிவிடியைத் தொட்டு என்னவோ சொன்னாராம். "இந்தப் படத்துக்கு லைட்டு போட்டது அவராக்கும்" என்று அண்ணன் சத்தியம் செய்வார். 'எனக்கு மிகவும் பிடித்த படம்' என்றுகூட அந்தப் பெரியவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான்.

அந்த டிஸ்க் நம்மூர் பிளேயரில் ஓடவே இல்லை. வேறு தேசத்து டிஸ்க், இதில் ஓடாது என்று எழுத்துக் காட்டி வெளியே தள்ளிவிட்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு மெக்கானிக் ரிமோட்டில் என்னென்னவோ நம்பரை அமுக்கிப் பூட்டைத் திறந்துவிட்டான். படம் ஓடியது, பாஷை ஓடவில்லை. பேச்சும் பிரெஞ்சு, கீழே வருகிற எழுத்தும் பிரெஞ்சு.

அவர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். மூன்றாவது ஆள் அவர் மனைவி. நான் மைனி என்று கூப்பிடுவேன். சூரியன் உதிக்காத ஒரு ஊர், தாயைத் தேடிக் கிளம்புகிற ஒரு பிள்ளை, மரத்துக்குள்ளிருந்து கண் முழிக்கிற முகங்கள். பயத்தில் நான் டீ போடுகிற சாக்கில் இரண்டு தடவை எழுந்துபோனேன். மைனி விரல் இடுக்கு வழியே பார்த்தாள். ஏரி வந்து, கிழவி கையை நீட்டி, பிள்ளை பிடித்ததும் அண்ணன் படத்தை நிறுத்தினார்.

"இனி ஒண்ணும் விளங்காது. ஒரே இருட்டு. இதாக்கும் படத்துக்க முடிவு" என்றார்.

"அந்தக் கெழவி யாரு?" என்று மைனி கேட்டாள்.

"அம்மை. வேற யாரு? பிள்ள வருமுண்ணு காத்திருந்து காத்திருந்து முடி நரைச்சுப் போச்சு."

"என்னமோ சொல்லுதாளே?"

"வா மக்களேண்ணு சொல்லுதா. அம்மைமாரு வேற என்ன சொல்லுவாவ?"

அன்றிலிருந்து அந்தக் காட்சி அடக்க வீடியோவுக்குள் போய்விட்டது. அவருக்கு ஒரு வாக்கும் கிடைத்துவிட்டது. அழுகிற வீட்டில் யாரைப் பார்த்தாலும் தோளைத் தட்டி, "அக்கரையில ஆளுண்டு" என்பார்.

ஒரு உபதேசியார் கடைக்கே வந்து சண்டை பிடித்தார். மோட்சத்தின் வாசலில் கிழவி நிற்பதாக வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "கெழவி நிக்கமாட்டாண்ணு எங்க இருக்கு?" என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். இரண்டு வருடம் கழித்து அதே உபதேசியாரின் மாமியார் தவறியபோது, "அந்தப் படகு... அதையும் சேத்துக்கிடும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். இந்து வீடுகளிலும் கேட்டு வாங்கினார்கள். வீட்டுத் தோப்பில் சிதை எரிந்து அடங்கியதும் ஏரி வரும். விளக்குகளைப் பார்த்துவிட்டு அவர்கள் கோயில் லட்சதீபம் என்பார்கள். காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாண வீட்டார் மட்டும், ரொம்ப அழகாக இருக்கிறது, எங்கள் வீடியோவிலும் போடுங்கள் என்றார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். "அது போறவியளுக்கு. நீங்க இப்பந்தான வாறிய" என்றார்.

காரோட்டில் ஒரு அம்மாவின் மகன் கடலுக்குப் போய்ப் பிணமாக வந்தான். அந்த வீடியோவை அவள் தினமும் போட்டுப் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, டிஸ்க் தேய்ந்துவிடும் என்று அண்ணன் இன்னொரு காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மைனிக்குக் கேமரா என்றால் ஆகாது. வீடியோக்காரனைக் கட்டிக்கொண்டு ஒரு வீடியோவிலும் முகம் காட்டாமல் வாழ்ந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். லென்ஸ் திரும்பினாலே உள்ளங்கையால் மறைத்துவிடுவாள். "எடுக்காதீங்க, எனக்க மொகம் கொள்ளாது" என்பாள். நல்ல முகம்தான். பிறந்த அன்றே தாயை விழுங்கியவள் என்று சின்ன வயதில் யாரோ சொல்லிச் சொல்லி அவள் மனதில் அப்படிப் பதிந்துவிட்டது. அவளுடைய தாய்க்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

அவளுக்கு நோய் வந்தது. திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் கஞ்சி கொண்டுபோன ஒரு நாள், அவள் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு கவலை, ஒரு வெப்ராளம், அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளே, அங்க போனா அம்மைய எப்பிடிக் கண்டுபிடிப்பேன்? எனக்கு மொகம் தெரியாதே. பக்கத்துல நிண்ணாலும் தாண்டிப் போயிருவேனே."

அண்ணன் எழுந்துபோய் டிவியைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பினார். அந்த பிரெஞ்சு டிவிடியில் ஏரியைப் போட்டார். படகு போனது, கிழவி கையை நீட்டினாள்.

"பாத்தியா? பிள்ள தேடுச்சா? இல்ல. அந்தம்மா மொதல்ல கைய நீட்டுதா. உனக்குத் தெரியாண்டாம். அவியளுக்குத் தெரியும். நீ படகுல இருந்தா மதி, அது போதும்."

"மறுக்காப் போடுங்க" என்றாள் மைனி.

அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் அந்த ஏரி ஓடிக்கொண்டிருக்கும். அவள் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் தவறிய அன்று வேறு யாரையும் கேமராவைத் தொட அவர் விடவில்லை. செருப்பைக் கழற்றினார். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எடுக்கட்டா?" என்றார்.

ரொம்ப நேரம் அப்படியே நின்றார். வாழ்நாள் முழுக்க லென்ஸை மறைத்த அந்தக் கை அன்றைக்கு எழும்பவில்லை. நாங்கள் எல்லோரும் அப்போதுதான் உடைந்து அழுதோம்.

காலம் மாறியது. டிவிடி போய் பென் டிரைவ் வந்தது, அதுவும் போய் எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. வளைகுடாவில் இருக்கிறவன் பெட்டி இறங்குவதை அந்த நிமிடத்திலேயே பார்த்துவிடுகிறான். அண்ணனுக்கு வேலை குறைந்தது. காலையில் கடையைத் திறந்து பெருக்குவார், சாம்பிராணி போடுவார், உட்கார்ந்து மைனியின் அடக்க வீடியோவின் கடைசிப் பகுதியை மட்டும் பார்ப்பார்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தாள். அதில் நன்றாகவே தேறிவந்தாள். விஷயம் தெரிந்ததும் அண்ணன் டிவிடியைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்.

"மக்களே, அந்தம்மா கைய நீட்டும்ப என்ன சொல்லுதாண்ணு எனக்கு ஒருக்கா முழுசாட்டு சொல்லித் தரணும். வா மக்களேங்குறது தெரியும். பிறகும் என்னமோ நீளமாட்டு சொல்லுதா. உனக்க மாமிக்க காதுல விழுந்தது என்னண்ணு தெரியணும்."

என் கம்ப்யூட்டரில் போட்டோம். அவருடைய வீடியோக்களில் பாட்டுத்தான் இருக்கும், கிழவியின் குரலை நான் கேட்டே பல வருடம் ஆகியிருந்தது. மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். திரும்பக் கேட்டாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன். என் பிள்ளைக்குப் பொய் வராது, சின்ன வயதிலிருந்தே வராது.

"மாமா, இது அம்மையில்ல" என்றாள். "அவ சொல்லுதா... இங்க யாருக்க அம்மையும் இல்ல. உன்ன யாரும் தேடல்ல. அந்த வெளக்க எனக்குத் தா, இனி உனக்கு அது வேண்டாம்."

அண்ணன் கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெளக்கெல்லாம்?"

"முன்ன வந்தவியளுக்கது மாமா. ஒவ்வொருத்தர்ட்டயும் இருந்து வாங்கி வச்சதுண்ணு அவளே சொல்லுதா."

டிஸ்க்கை வெளியே எடுத்தார். துண்டில் சுற்றினார். "அவ அத நம்பிட்டாக்கும் போனா" என்று மைனியைச் சொன்னார்.

மறுநாள் காலையில் வந்து, கொடுத்த டிஸ்க்கையெல்லாம் திரும்ப வாங்கவேண்டும் என்றார். "நான் ஒவ்வொரு வீட்டுலயும் அந்தப் பேயக் கொண்டு நிறுத்தியிருக்கேன் பிள்ளே." சொன்னால் கேட்கிற ஆளா? அந்த நிலையில் தனியாக விடவும் பயமாக இருந்தது. என் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

பாதி வீட்டில் டிஸ்க் இல்லை. ஒரு வீட்டில் அதைக் காக்கை விரட்டக் கத்தரிச் செடிக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். மீதி வீட்டில் தரமாட்டேன் என்றார்கள். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால், "சும்மா இரிங்க அண்ணே, சாயா குடிங்க" என்று பேச்சை மாற்றினார்கள். கடைசியாகக் காரோடு. மகனைக் கடலில் கொடுத்த அந்த அம்மா, மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணே, அவ என்ன வேணும்னாலும் சொல்லட்டு. எனக்கு அந்தப் பாஷ தெரியாது. எனக்க மவன் தண்ணியிலேருந்து கரையேறுறத நான் அதுலதான் பாத்தேன். ஒரு கை புடிச்சுது. வேற எங்க நான் அதப் பாப்பேன்? தரமாட்டேன், நீங்க போங்க."

திரும்பி வரும்போது அண்ணன் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். என் தோள் நனைந்தது. ஊரில் இத்தனை பேர் வீட்டில் அந்தக் கிழவி அம்மையாகவே நின்றுகொண்டிருந்தாள். அவர் ஒருவருக்குத்தான் இல்லாமல் போனாள். மைனியின் வீடியோவை அதற்குப் பிறகு அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அக்கரையில ஆளுண்டு என்ற வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஸ்டுடியோவை மூடினார். "எனக்கு எதுக்கு இனி?" என்று கம்ப்யூட்டரை என் கடையில் கொண்டுவந்து வைத்தார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நானும் மகளும் பார்க்கப் போனோம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னது நல்லதாக்கும் மக்களே. வெப்ராளப்படாத" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளே, அங்க யாருமில்லண்ணா, அவ இத்தன நாளும் அந்தக் கரையில ஒத்தைக்கு நிக்கியா இல்லியா? நான் சொன்னத நம்பிப் போனவ. நான் சீக்கிரம் போணும்."

அப்படியே போனார். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் மைனிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை விட்டான். யாரும் குனிந்து சம்மதம் கேட்கவில்லை. மண் விழுந்ததும் பையன் போனை அணைத்துவிட்டான்.

அவருடைய அக்கா மகன் மஸ்கட்டிலிருந்து, வீடியோவை ஒழுங்காகச் செய்து அனுப்பச் சொன்னான். எழுத்து அடிக்க நான் உட்கார்ந்தேன். 'நித்திய இளைப்பாறுதல்' என்ற அந்த வரி என் கைக்கு வரவில்லை. முகப்பில் வைக்க ஒரு போட்டோ தேடி, அண்ணனின் பழைய கம்ப்யூட்டரை மகள் குடைந்துகொண்டிருந்தாள். அப்போது காரோட்டு அம்மா கடைக்குள் வந்தாள். கையில் பாலிதீன் கவரில் சுற்றிய டிஸ்க்.

"மண்ணோட முடிச்சிராதீங்க மக்களே. அண்ணனுக்கும் இதப் போடணும். எனக்க கையில ஒண்ணு இருக்கு" என்றாள்.

"மாமி, அது வேண்டாம்" என்றாள் என் மகள். "இஞ்ச ஒண்ணு கெடக்கு. பாருங்க."

அண்ணன் புதுக் கேமரா வாங்கியபோது சோதித்துப் பார்க்க எடுத்தது அது. நெய்யாறு, சாயங்கால வெயில். படகிலிருந்து எடுத்திருக்கிறார், படம் லேசாக ஆடிக்கொண்டே கரையை நெருங்குகிறது. கரையில் மைனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறாள். கேமராவைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறாள். பிறகு சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறாள். மறைக்கத்தான் நீட்டுகிறாள். உள்ளங்கை பெரிதாகிக்கொண்டே வந்து திரை முழுவதும் அந்தக் கைதான் இருக்கிறது. அதில் பாட்டு எதுவும் இல்லை, மைனியின் குரல் மட்டும் கேட்டது.

"மதி, எடுத்தது மதி. எறங்கி வாங்க, வீட்டுக்குப் போவலாம்."

காரோட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தன் டிஸ்க்கைக் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்பம் சரி" என்றாள். "அண்ணனுக்கும் ஆளுண்டு."